அறுபத்திரண்டாம் ஏட்டின் பின்பக்கம்

பைண்டருடைய மச்சான் சொன்னதாகப் பைண்டர் சொன்னார். பைண்டர் சொன்னதாகப் பதிப்பகத்துப் பொறுப்பாளர் சொன்னார். இப்படி வாய் மாறி வாய் மாறி அவள் காதுக்கு வந்து சேர்ந்த செய்தி இதுதான்: பங்காளிச் சண்டையில் இருபது வருடமாகப் பூட்டிக் கிடந்த அந்தப் பெரிய வீட்டுச் சுவடிகளைக் கோர்ட்டு நூலகத்திடம் ஒப்படைத்துவிட்டதாம். ஓர் ஏடு விடாமல் படம் எடுக்கிறார்களாம். இன்னும் நாலைந்து மாதத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாமாம்.

“நிஜமாவா?” என்று கேட்டாள்.

“பைண்டர் சொன்னா பாதி நிஜம், அக்கா. அவர் மச்சான் சொன்னா அதுல பாதி. கழிச்சது போகக் கால்வாசி தேறும்.”

அவளுக்குக் கால்வாசி போதும். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மேசை மேல் இருந்த பசை டப்பாவின் மூடியைத் திருகி இறுக்கி வைத்தாள்.

“இன்னொரு சங்கதி,” என்று பொறுப்பாளர் கீழே குனிந்து ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கி வைத்தார். “மேற்கோள் ஐயா புஸ்தகம் ரெண்டாம் பதிப்பு வருது. திருத்தி, விரிச்சு, அறுநூறு பக்கம். அடைவு நீங்கதான் பண்ணணும். மூணு வாரம். கனமா இருந்தா மெயில்லயே அனுப்பறேன்.”

“வேண்டாம். இதைக் கையாலதான் தூக்கணும்,” என்றாள்.

காகிதக் கட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். கனத்தால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கனமான புத்தகங்களின் கடைசியில், எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, அதற்குத்தான் அடைவு என்று பேர். அதைச் செய்கிறவருக்குப் பேர் கிடையாது. இருக்கும், அச்சில் வராது. பதிப்பகத்தில் இவளை ‘அடைவு அக்கா’ என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, காவலாளி ஒருநாள் வருகைப் பதிவேட்டிலும் அப்படியே எழுதிவிட்டார். பதினெட்டு வருடமாக அவள் செய்கிற வேலை. ஒரு புத்தகத்தை ஆசிரியரைவிடக் கவனமாகப் படிக்கிற ஒரே பிராணி அடைவு செய்கிறவள்தான். ஆசிரியர் எங்கே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிற மாதிரி உறுதியாகப் பேசுகிறார், எங்கே மென்று முழுங்குகிறார், எங்கே போன அத்தியாயத்தில் சொன்னதை இந்த அத்தியாயத்தில் மறந்துபோகிறார் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மேற்கோள் ஐயா என்பது அந்தப் புத்தகத்தை எழுதிய பேராசிரியருக்குப் பதிப்பகத்தார் வைத்த பேர். எதைச் சொன்னாலும் ‘இதை முன்பே நிறுவியிருக்கிறேன்’ என்று அடிக்குறிப்பில் தன்னுடைய கட்டுரையையே காட்டுவார். அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்தால், அங்கேயும் அவருடைய இன்னொரு கட்டுரைதான் சாட்சி. படியேறிப் படியேறி மொட்டைமாடிக்குப் போனால் அங்கேயும் அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு அந்த நாற்காலியைப் போட்டுக் கொடுத்தது ஒரு புராணம். பெரிய பேர் பெற்ற புராணம் ஒன்றும் இல்லை. நாற்பது அத்தியாயம், கையில் அடங்கிவிடும். பதினேழாவது அத்தியாயத்தில் முனிவர்கள் வேள்வி நடத்திக்கொண்டிருக்கிற கூடத்துக்குள் விறகு சுமக்கிற ஒருத்தி நுழைகிறாள். வெளியே போ என்கிறார்கள். அவள் கட்டை இறக்கி வைத்துவிட்டு, ‘இந்தத் தீ என் தலையில் ஏறித்தானே இங்கே வந்தது, அதை மட்டும் எப்படி உள்ளே விட்டீர்கள்’ என்று கேட்கிறாள். முனிவர்கள் பதில் தெரியாமல் விழிக்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு பாட்டு. இந்தப் பன்னிரண்டு பாட்டுக்காகப் படித்தவர்கள் முப்பது வருடமாக ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூலத்திலேயே உள்ளதுதான் என்றது ஒரு கட்சி. பின்னாளில் எவரோ எழுதி உள்ளே நுழைத்த இடைச்செருகல் என்றது மறு கட்சி. கிடைத்த சுவடிகளில் எல்லாம் அந்தப் பாட்டுகள் இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் மூத்த சுவடி ஒன்று அந்தப் பெரிய வீட்டில் இருந்தது. அதை எவரும் பார்த்ததில்லை.

பேராசிரியர் பார்த்தார். பார்த்ததாக எழுதினார். மூத்த சுவடியில் அந்தப் பன்னிரண்டு பாட்டும் இல்லை, ஆகவே இடைச்செருகல், வழக்கு முடிந்தது. அவர் பதிப்பித்த புராணத்தில் விறகுக்காரி பதினேழாவது அத்தியாயத்தைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தகத்தின் கடைசியில், பிற்சேர்க்கையில், பொடி எழுத்தில் போய் ஒண்டிக்கொண்டாள்.

இனி, பார்த்தது யார் என்ற கதை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவள் பேராசிரியரின் துறையில் தற்காலிக உதவியாளர். பழைய எழுத்தைத் தங்குதடையில்லாமல் வாசிப்பாள். அந்த வீட்டில் கேமரா கூடாது, பேனா கூடாது, பென்சில் மட்டும்தான் என்று நிபந்தனை. முதல் நாள் பேராசிரியர் கூடவே வந்து, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து தேநீர் குடித்து, சுவடிக் கட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, “நிதானமா எழுதும்மா” என்று சொல்லிப் பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் பதினோரு நாள் அந்த அறையில் உட்கார்ந்தது அவள். ஜன்னல் ஒன்று, மேசை ஒன்று, ஏட்டைச் சாய்த்து வைக்க ஒரு மரச் சட்டம், எதிரில் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிற பொறுப்புக் கிழவர் ஒருவர். வெளியே நடையில் போட்ட பெஞ்சில், லீவு போட்டுவிட்டு, பத்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். “ஊரெல்லாம் லிஃப்ட் நடுவுல நிக்குது, நான் இங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன்,” என்று தினமும் ஒருமுறை சொல்வான்.

ஓர் ஏட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் எட்டு வரி. பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு அடங்கும். நோட்டின் ஓரத்தில் ‘62 மு’ என்று எழுதி முன்பக்கத்தைப் படியெடுப்பாள். ‘62 பி’ என்று எழுதிப் பின்பக்கத்தை. ஒரு மணி ஆனால் கிழவர் அறையைப் பூட்டிவிடுவார். இரண்டு மணிக்குத்தான் திறப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் குழந்தைக்குப் பால் கொடுத்து, தானும் சாப்பிட்டாக வேண்டும். எழுந்து போவதற்கு முன், திரும்பி வந்து எங்கே தொடங்குவது என்று தெரிய, அடுத்த பக்கத்தின் முதல் சொற்களை ஒரு மூலையில் குறித்துவைத்துக்கொள்வாள்.

ஏழாம் நாள் அறுபத்திரண்டின் முன்பக்கத்தை முடித்தபோது ஒரு மணி. வெளியே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மார்பு கனத்து ரவிக்கை நனைந்துவிட்டது. ஏட்டைத் திருப்பி, ‘அடுத்து: அப்போது முனிவர்கள் சொன்னார்கள்’ என்று மட்டும் குறித்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது கிழவர் பெரிய உபகாரமாக அடுத்த ஏட்டைச் சட்டத்தில் எடுத்து வைத்திருந்தார். முதல் சொற்கள்: அப்போது முனிவர்கள் சொன்னார்கள். குறித்து வைத்ததேதான். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அது அறுபத்து மூன்று. புராணத்தில் முனிவர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு பக்கம் விட்டுப்போனாலும் பேச்சு அறுபடாது.

அவள் படியெடுத்ததைச் சுத்தப் பிரதி எழுதிக் கொடுத்தபோது பேராசிரியர், “ஏட்டு நம்பரெல்லாம் எனக்கெதுக்கும்மா, பாட்டு மட்டும் எழுதிக்கொடு, போதும்,” என்றார். அப்படியே எழுதிக்கொடுத்தாள். பென்சில் நோட்டு அவளிடமே தங்கிவிட்டது. மற்ற சுவடிகளோடு ஒப்பிட்டது அவர். பன்னிரண்டு பாட்டைக் காணோம் என்றதும், இந்தப் பிரதியை எழுதியவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. துள்ளிக் குதித்தார்.

புத்தகம் வந்தது. முன்னுரையில் எழுதியிருந்தார்: ‘பதினோரு நாட்கள் அந்த இருண்ட அறையில் தனியனாக அமர்ந்து ஏடு ஏடாக நானே படித்தேன்.’ நன்றிப் பட்டியல் ஒன்றரைப் பக்கம். வீட்டுக்காரருக்கு நன்றி, துணைவேந்தருக்கு நன்றி, தட்டச்சு இயந்திரம் பழுதுபார்த்தவருக்கு நன்றி, இரவெல்லாம் மேசையில் படுத்துத் துணையிருந்த பூனைக்கு நன்றி. அவள் அந்தப் பட்டியலை மூன்று தரம் படித்தாள். பூனைக்கு அடுத்து முற்றுப்புள்ளி.

ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போய்க் கேட்டாள்.

“ஐயா, என் பேரு எங்கயும் வரலையே.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது ஆறியிருக்கும். சிரித்தார். “எழுதின கைக்கெல்லாம் பேரு போட்டா, அப்புறம் பேனாவுக்கும் போடணும்மா.”

அறையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் அவளுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவன் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளைப் ‘பேனா’ என்று கூப்பிட ஆரம்பித்தான். காயத்தின் மேலேயே செல்லப்பேர் வைத்தால் தழும்பு மறையும் என்று நினைத்தானோ என்னவோ. மறையவில்லை.

பத்து வருடத்துக்கு முன் வீடு மாற்றும்போது அந்த நோட்டு கைக்கு வந்தது. தரையில் உட்கார்ந்து சும்மா புரட்டினாள். 61 மு, 61 பி, 62 மு, 63 மு. விரல் நின்றது. திரும்பவும் பார்த்தாள். 62 மு. 63 மு. மூலையில் அவசர எழுத்தில், ‘அடுத்து: அப்போது முனிவர்கள் சொன்னார்கள்.’

சுவடியில் இல்லை என்று உலகத்துக்கே சொன்ன பன்னிரண்டு பாட்டு, அவள் எழுதாமல் விட்ட ஒரு பக்கம். அன்று ராத்திரியே பேராசிரியருக்குக் கடிதம் எழுதினாள்: ஐயா, தவறு என்னுடையது, சுவடியை மறுபடி பார்க்க வழியில்லாவிட்டாலும் சந்தேகத்தையாவது பதிவு செய்யுங்கள். நாலு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஐந்தாம் நாள் ஓர் ஆராய்ச்சி இதழின் ஆண்டு அடைவு வேலை வந்தது. அதில் அவருடைய கட்டுரை. ‘இந்தச் சுவடியை என் இரு கண்களால் இருமுறை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்’ என்று இருந்தது.

இருமுறை. முன்பு ஒருமுறைதான் பொய் சொல்லியிருந்தார். இப்போது அது குட்டி போட்டிருந்தது.

கடிதத்தை நோட்டின் நடுவில், அறுபத்திரண்டுக்கும் அறுபத்து மூன்றுக்கும் இடையில் செருகி, நோட்டைப் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். அன்றுதான் அவளுக்கு அது புரிந்தது. பேரைப் போட்டிருந்தால் பிழை அவளுடையது. பேரைப் போடாததால் பிழை அவருடையது. பூனைக்கு அடுத்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவர் ஆயுசுக்கும் தப்பித்திருப்பார். அந்த நினைப்பு தொண்டையில் தேன் மாதிரி இறங்கியது. அதற்கப்புறம் கட்டுரை கட்டுரையாக அவர் ‘நானே படித்தேன்’ என்று எழுத எழுத, எழுதுங்கள், இன்னும் எழுதுங்கள் என்று காத்திருந்தாள்.

இப்போது அறுநூறு பக்கம் எழுதிவிட்டார்.

மூன்று வாரமும் சாப்பாட்டு மேசையில்தான் வேலை. அட்டைத் துண்டுகள், ரப்பர் வளையங்கள், கலர் பென்சில்கள். கணவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அடைவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படிக்கும்போது கண்ணில் படுகிற பிழைகளை ஒரு சந்தேகப் பட்டியலில் எழுதிப் பதிப்பகத்துக்குக் கொடுப்பார்கள். அவளுடைய பட்டியலுக்கு அந்த ஊர் அச்சகங்களில் ஒரு மரியாதை. அவள் கண்ணில் தப்பியது எவர் கண்ணிலும் படாது என்பார்கள். அந்தப் பட்டியலில் எழுதினாள்: பக்கம் 41, வருடம் தவறு. பக்கம் 116, அடிக்குறிப்பு எண் இருமுறை வந்துள்ளது. பக்கம் 290, அடைப்புக்குறி மூடவில்லை.

கணவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“பெரிய ஓட்டையை விட்டுட்டு ஆணி ஆணியா எண்ணிட்டிருக்க.”

“அவர் பாத்ததா சொல்றாரு. நான் யாரு இல்லைன்னு சொல்ல? பேனா.”

“ரோப்பு அறுந்திருக்குன்னு தெரிஞ்சு நான் ஒருத்தரை லிஃப்ட்ல ஏத்தி அனுப்பினா என்னைத் தூக்கி உள்ள வெப்பாங்க.”

“அவரை நான் ஏத்தலைங்க. அவரே ஏறி, அவரே கதவைச் சாத்திக்கிட்டு, அவரே மேல் மாடி பட்டனை அமுக்கறாரு.”

அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான். போகிற போக்கில், “அப்ப அந்த எதிர்க்கட்சி அம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

எதிர்க்கட்சி என்பது பேராசிரியர் வைத்த பேர். வேறு ஊரில் பாடம் நடத்துகிற ஒரு அம்மாள். சுவடியைப் பார்க்காமலே, நடையையும் யாப்பையும் வைத்து, விறகுக்காரியின் பாட்டுகள் மூலத்தைச் சேர்ந்தவைதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் மைக்கைப் பிடித்து, “எதிர்க்கட்சி அம்மா சுவடியைப் பாக்கலை. தன்னோட ஆசையைப் பாத்திருக்காங்க,” என்றார். மண்டபமே சிரித்தது. அந்த அம்மாள் கையிலிருந்த காகிதங்களை அடுக்கினார், அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். பின்வரிசையில், பதிப்பகத்தின் விற்பனை மேசைக்குப் பின்னால் இவள் நின்றுகொண்டிருந்தாள். விஷயம் தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் சிரிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. மேசையில் கோணலாகக் கிடந்த புத்தகங்களை நேராக்கினாள்.

அதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் வேகமாக வேலை செய்தாள். ‘ம’ வரிசைக்கு வந்ததும் ஒரு புது அட்டையை எடுத்தாள். எழுதினாள்:

மூத்த சுவடி, ஆசிரியரே நேரில் படித்தது: 14, 88, 131, 203, 347, 412.

ஆறு இடம். ஆறு பக்கத்திலும் ஆறு விதமாக அவர் ‘நானே’ என்று சொல்லியிருந்தார். அறுநூறு பக்கத்தில் சிதறிக் கிடந்தவரை யாருக்கும் உறைக்காது. ஒரே வரியில் கோத்துவிட்டால், குற்றவாளியை வரிசையில் நிறுத்திவைத்த மாதிரி. அவள் ஒரு பொய் சேர்க்கவில்லை. ஒரு வார்த்தை கூட்டவில்லை. அடைவுக்காரியின் வேலை எதுவோ அதைத்தான் செய்தாள், கொஞ்சம் அன்போடு.

அடைவு ஆசிரியரின் பார்வைக்குப் போய்த் திரும்பி வந்தது. பொறுப்பாளர் போன் பண்ணினார்.

“அக்கா, மேற்கோள் ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். என் புஸ்தகத்தை இவ்வளவு புரிஞ்சு எவரும் அடைவு பண்ணதில்லைன்னாரு. யாரு பண்ணதுன்னு கேட்டாரு, நம்ம அடைவு அக்கான்னேன். அந்தம்மாவுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கன்னாரு.”

“பேரு கேட்டாரா?”

“பேரு கேக்கலைக்கா. ஆனா ஒரு திருத்தம். அந்த ‘நேரில் படித்தது’ வரியில ஒரு பக்கம் விட்டுப்போச்சாம். முன்னுரை, ஒன்பதாம் பக்கம். அவரே பச்சை மையில எழுதி அனுப்பியிருக்காரு.”

“ஆமா, விட்டுத்தான் போச்சு,” என்றாள். “சேத்துக்கோங்க. ஐயா சரியாத்தான் சொல்றாரு.”

போனை வைத்துவிட்டு, குழாயடியில் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபோது வாய் காதுவரை போயிருந்தது. அந்த முகம் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

புத்தகம் வெளிவந்தது. ஆறு வாரம் கழித்து, பைண்டருடைய மச்சான் முழுசாகவே உண்மை பேசியிருக்கிறார் என்று தெரிந்தது. படங்கள் வந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறிக்கொண்டிருக்க, அவள் அறுபத்திரண்டாம் ஏட்டைத் திறந்தாள். முன்பக்கம். அதே வரிகள், இரண்டாம் வரியில் அந்தப் பூச்சித் துளை கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. பிறகு பின்பக்கம்.

அப்போது முனிவர்கள் சொன்னார்கள்.

எட்டு வரி. இருந்தாள். விறகுக்காரி அங்கேயேதான் இருந்தாள். கூடத்துக்குள் நுழைந்தவளை ‘வெளியே போ’ என்பதில் ஆரம்பித்து, கட்டை இறக்கி, கேள்வி கேட்டு, கடைசி வரியில் முனிவர்கள் தலை குனிகிறவரை, ஓர் எழுத்து சிதையாமல். ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும் போல வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. இருபத்திரண்டு வருடமாக விறகுக்காரியைப் பொடி எழுத்துக்குத் துரத்தியது பேராசிரியர் மட்டும்தானா? முதலில் கதவைச் சாத்தியது யார்? பத்து வருடம் சாவியைப் பீரோவில் வைத்திருந்தது யார்?

எதிர்க்கட்சி அம்மாள் சும்மா இருக்கவில்லை. பத்தே நாளில் மதிப்புரை வந்தது. ஆரவாரம் இல்லை, வசவு இல்லை. இரண்டு பத்தி. முதல் பத்தியில் அறுபத்திரண்டாம் ஏட்டின் பின்பக்கப் படம். இரண்டாவதில் ஒரே வாக்கியம்: ‘இந்தச் சுவடியைத் தாமே நேரில் படித்ததாக ஆசிரியர் ஏழு இடங்களில் சொல்கிறார், வாசகர் வசதிக்காக அவருடைய நூலின் அடைவே அவற்றைத் தொகுத்துத் தருகிறது: 9, 14, 88, 131, 203, 347, 412.’

அந்த ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை. அதை அவரே சேர்த்தார். பச்சை மையில்.

அடுத்த வாரம் பொறுப்பாளர் வரச்சொல்லி அனுப்பினார். முகம் வாடியிருந்தது. உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“மேற்கோள் ஐயா வந்திருந்தார்க்கா. அந்தப் படியை எடுத்தது அவரில்லையாம். ஒரு உதவியாளர் எடுத்தாங்களாம். தப்பு அவங்க தப்பாம். கைக்குழந்தையைத் தூக்கிட்டு வேலைக்கு வருவா, கவனமே இருக்காதுன்னாரு. ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு எல்லாப் பிரதியிலயும் ஒட்டணுமாம். அதுல அந்த உதவியாளர் பேரைப் போடணுமாம்.”

“பேரைப் போடறாராமா?”

“முழுப் பேரும். துறையில பழைய கோப்பைத் தேடி எடுத்திருக்காரு.” அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “அக்கா, அது உங்க பேரு.”

அவள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். அடுத்த அறையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“வெறுமனே சொன்னா எவரும் நம்ப மாட்டாங்கன்னு நான் சொல்லிட்டேன்,” என்றார் பொறுப்பாளர். “ஏழு இடத்துல நானேன்னு எழுதிட்டு இப்ப நானில்லைன்னா? ஆதாரம் வேணும். அவங்ககிட்ட ஒரு பென்சில் நோட்டு இருக்கும், அவங்க கையெழுத்துல, அது கிடைச்சாப் போதும்னாரு. அது இருக்கா, அக்கா?”

“அவருக்கு என் போன் நம்பர் குடுத்தீங்களா?”

“கேட்டாரு. குடுத்துட்டேன். வயசானவரு, கை நடுங்குது. நீங்க என்னைத் திட்டினாலும் சரி.”

“திட்டலை,” என்றாள். “பேசட்டும்.”

வீட்டுக்கு வந்து பீரோவின் அடித்தட்டிலிருந்து நோட்டை எடுத்தாள். மேசையில் வைத்தாள். கணவன் வேலை முடிந்து வந்து, கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் எதிரில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டான்.

“சரி, இப்ப என்ன பண்ணப் போற பேனா? நோட்டைக் கொளுத்திட்டா அவர் கதை முடிஞ்சுது. ஆதாரம் இல்லாம அடுத்தவ மேல பழி போடறாருன்னு ஊரே காறித் துப்பும்.”

“தெரியும்.”

“உன் பேரும் வெளிய வராது.”

“அதுவும் தெரியும்.”

“அவரைக் கவுக்கறதுக்குத்தானே இத்தனை வருஷமா ஊறப்போட்டு வெச்சிருந்த?”

அவள் நோட்டின் மூலை மடிப்பை விரலால் நீவினாள். அவன் எழுந்தான். குழாயைத் திறந்துகொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னான். “குழந்தையைத் தூக்கிட்டு வந்தா, கவனமே இல்லைன்னாராமே. குழந்தை என் மடியில இருந்துச்சு. பதினோரு நாளும். அதையும் எங்கயாவது எழுது.”

நோட்டைக் கொளுத்தினால் பேராசிரியர் தப்பிழைத்தவராக மட்டும்தான் நிற்பார். பார்த்தார், பக்கத்தைத் தவறவிட்டார், வயசாகிவிட்டது, பாவம். நாலு மாதத்தில் ஊர் மன்னித்துவிடும். அறையில் இருந்ததே அவரில்லை என்று சொல்ல இந்த நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. ‘62 மு’வுக்குக் கீழே ‘63 மு’ என்று எழுதிய கையும் அதில்தான் இருக்கிறது. அவருடைய பொய்யைக் கொடுக்க வேண்டுமென்றால் தன்னுடைய பிழையையும் சேர்த்துத்தான் கொடுக்க முடியும். இரண்டும் ஒரே தாளின் இரண்டு பக்கம். அவரிடம் கொடுத்தால் சீட்டில் பிழை மட்டும் அச்சாகும். கொடுக்கிற இடத்தில் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து போகும். அவளுடைய பத்து வருட மௌனமும் சேர்ந்து போகும்; அந்தக் கடிதத்தில் தேதி இருக்கிறது. இனி அவள் தரும் சந்தேகப் பட்டியலை எந்த அச்சகம் நம்பும் என்பதும் தெரியவில்லை.

ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். எதிர்க்கட்சி அம்மாளின் கல்லூரி விலாசத்தை நிதானமாக எழுதினாள். அனுப்புநர் இடத்தில், அலுவலகக் காகிதம் எதிலும் எழுதி ரொம்ப நாளான தன் முழுப் பேரை எழுதினாள்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இன்றைய தேதி போட்டு, ஓரத்தில் ‘62 பி’ என்று எழுதினாள். கம்ப்யூட்டரில் ஏட்டைத் திறந்து வைத்து, பென்சிலைச் சீவி, படியெடுக்க ஆரம்பித்தாள். அப்போது முனிவர்கள் சொன்னார்கள்.

மூன்றாவது வரியில் இருந்தபோது போன் அடித்தது. அறிமுகமில்லாத எண். கணவன் ஈரக் கையோடு வந்து திரையைப் பார்த்தான்.

“உங்க மேற்கோள் ஐயாவாத்தான் இருக்கும். பேனாவுக்குப் போன் பண்றாரு.”

“அடிக்கட்டும்.”

“எடுத்து நறுக்குன்னு நாலு வார்த்தை கேளேன். எத்தனை வருஷமா ஒத்திகை பாத்து வெச்சிருக்க.”

“நடுவுல எழுந்திருக்க மாட்டேங்க,” என்றாள், கண்ணை ஏட்டிலிருந்து எடுக்காமல். “போன தடவை நடுவுல எழுந்துதான் இவ்வளவும். இந்தப் பக்கம் முடியட்டும்.”

போன் நின்றது. நாலாவது வரி. விறகுக்காரி கட்டை இறக்கி வைத்தாள். போன் மறுபடி அடித்தது. மேசை மேல் அதிர்ந்து அதிர்ந்து, நோட்டின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவள் இடது கையால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஐந்தாவது வரியின் முதல் எழுத்தை எழுதினாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.